கிராணி அணைத்த கற்பூரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கடைப் பிள்ளைகள் எனக்கு ஒரு கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் கிரீமால் 'செதாஹு சாயா' என்று எழுதியிருந்தது. மலாயில் அதற்கு 'எனக்குத் தெரிந்தவரை' என்று பொருள். எந்தக் கணினியைத் திறந்து பார்த்தாலும், கோளாறு இன்னதுதான் என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தாலும், இந்தச் சொல்லை முன்னால் போடாமல் நான் வாடிக்கையாளரிடம் வாய் திறந்ததில்லை. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. என் முதுகுக்குப் பின்னால் அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள்.

கேக்கை வெட்டும்போது பிரியா கேட்டாள். கடையில் இப்போது மூத்த டெக்னிஷியன் அவள்தான். "அக்கா, நீங்க சொன்னது தப்பாப் போனதே இல்ல. அப்புறம் எதுக்கு அந்தப் பீடிகை?" வாயில் கேக் இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். கேக் இல்லாவிட்டாலும் மழுப்பியிருப்பேன். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் ஒரு கணினி நின்று நின்று போனால் பெட்டியையே மாற்றிவிடுகிறார்கள். பிரியா குளுவாங்கில் உட்கார்ந்தபடி ஜொகூர் பாருவில் இருக்கிற கணினிக்குள் எட்டிப் பார்க்கிறாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், முடிந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் மிகப் பெரிய தலைவலி செத்துப்போன கணினி அல்ல. செத்தது செத்ததுதான், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, எப்போது என்று சொல்லாமல் உறைந்துபோகிற கணினிதான் மனிதரைப் பைத்தியமாக்கும். திரையில் எல்லாம் அப்படியே இருக்கும். சுட்டி அசையாது, விசைப்பலகை கேட்காது, மூலையில் கடிகாரம் நின்றிருக்கும். அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் சில வருடம் சர்க்யூட் போர்டில் ஈயம் பற்றவைத்தேன். தினமும் எல்லைப் பாலம் தாண்டி அலுத்துப்போய் சொந்த ஊரான குளுவாங்குக்கே திரும்பியபோது, மிஸ்டர் யாப்பின் கணினிக் கடையில் ஆள் தேவை என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பெண்ணை வேலைக்கு வைப்பாரா என்று எனக்கே சந்தேகம். அவர் ஒரு பழைய போர்டை என் கையில் கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னார். வைத்தேன். நாளைக்கு வா என்றார். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்களுக்குத்தான் நான் பழக வெகுகாலம் ஆயிற்று. கதவைத் திறந்தவுடன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, டெக்னிஷியன் எங்கே என்று கேட்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வேலையை முடித்துவிடுவேன். சிலர் நான் கிளம்பும்வரை அந்த ஆளை எதிர்பார்த்துக்கொண்டே இருந்ததும் உண்டு.

மிஸ்டர் யாப் ஹக்கா சீனர். குள்ளமான ஆள், அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் திருப்புளி. என்னிடம் மலாயில் பேசுவார். தமிழர் வேலை பார்த்த தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் என்பதால் "சாப்பிட்டாச்சா" மட்டும் தமிழில் கேட்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

அவருக்கு மூன்று பிடிவாதங்கள் இருந்தன. முதலாவது, 'டுடுக் டுலு', அதாவது முதலில் உட்கார். பெட்டியைத் தொடக்கூடாது, திருப்புளியை எடுக்கக்கூடாது, சும்மா உட்கார்ந்து பார்க்கவேண்டும். அடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. கடைசிப் பிடிவாதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கணினியைப் பயன்படுத்துகிற ஆளுக்குக் கோளாறின் காரணத்தைச் சொல்லிப் புரியவைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. முதலாளிக்குச் சொன்னால் போதாது, நாற்காலியில் உட்காருகிற ஆளுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்தக் கோளாறு திரும்பி வரும் என்பார்.

முதல் பிடிவாதத்தின் அருமையை லாபிஸில் பார்த்தேன். அங்கே ஒரு மாமாக் உணவகம், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. பாய் கல்லாவுக்கு வைத்திருந்த கணினி மதியம் ஆனால் உறைந்துவிடும். நான் பெட்டியைத் திறக்கப் பாய்ந்தேன். மிஸ்டர் யாப் என்னை உட்காரவைத்து இரண்டு தே தாரிக் சொன்னார். குடித்து முடிப்பதற்குள் விஷயம் கண்ணில் பட்டுவிட்டது. ரொட்டி சானாய் கல்லிலிருந்து கிளம்பிய நெய்ப்புகை எல்லாம் நேராக அந்தப் பெட்டியின் மின்விசிறிக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டியைப் புகை படாத பக்கம் நகர்த்தி வைத்து, உள்ளே படிந்திருந்த பிசுக்கைச் சுரண்டினோம். பாய் தேநீருக்குக் காசு வாங்கவில்லை. என் கம்ப்யூட்டரும் பரோட்டா சாப்பிடுதா என்று கேட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து முடிந்த கதைகள்தான் என் தொழிலில் அதிகம்.

கிராணி ஐயாவின் கதை அப்படி முடியவில்லை.

கோத்தா திங்கி போகிற சாலையில் உள்ளே தள்ளி, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. பெயர் வேண்டாம். அதன் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் போடுகிற கணினி, வாரத்தில் பல தடவை உறைந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். அந்தக் கணினியில் வேலை செய்தவர் கோவிந்தன் கிராணி. தோட்டத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவரைக் கிராணி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆள் ஒல்லி, தும்பைப்பூப்போல வெளுத்த சட்டை, நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி. நான் உள்ளே நுழைந்ததும் அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, தூரத்திலேர்ந்து வந்திருக்கீங்க" என்றார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உட்கார்ந்தேனா? இல்லை. அப்போது எனக்கு அனுபவம் கூடி, கூடவே திமிரும் கூடியிருந்தது. நேராகப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தூசி, இரண்டு பல்லி முட்டை. தூசியை ஊதினேன், நினைவகக் கட்டையைக் கழற்றி அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்துத் திருப்பிச் செருகினேன், சூட்டை அளந்தேன், வைரஸ் தேடினேன். எல்லாம் சுத்தம். ஒரு வாரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பெட்டியைக் கடைக்கே தூக்கி வந்தேன். கடையில் அது ஒரு தடவைகூட நிற்காமல் தங்கமாக ஓடியது. திருப்பிக் கொண்டுபோய் வைத்த அன்று மதியமே உறைந்தது. அதன்பிறகு பவர் சப்ளையை மாற்றினேன், இன்னொரு தடவை ஹார்டு டிஸ்க்கை மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்று என்ற பிடிவாதத்தை மட்டும் விடவில்லை.

இதற்குள் அந்த அலுவலகத்தில் வேறொன்று உறைய ஆரம்பித்திருந்தது. மேனேஜர் என்சிக் ஹாபிஸ் மலாய் இளைஞர், பொல்லாதவர் இல்லை. ஆனால் அவருடைய மடிக்கணினி ஒரு நாளும் நின்றதில்லை. கிராணியுடையது மட்டும் நிற்கிறது. கடைக்குப் போனால் ஓடுகிறது, கிராணியின் மேசைக்கு வந்தால் நிற்கிறது. கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த சம்பள முறையைக் கிராணி ஆரம்பத்தில் முணுமுணுத்து எதிர்த்தவர். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த மேனேஜர், இவர் வேண்டுமென்றே ஏதோ செய்கிறார் என்று முடிவுக்கு வந்துவிட்டார். சம்பளம் தள்ளிப்போகிறபோது தோட்டத்து ஆட்களும் அதையே பேசினார்கள். வேலை போனால் கிராணிக்குக் குடியிருக்கிற தோட்டத்து வீடும் போய்விடும்.

இதை எனக்குச் சொன்னது அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற லெட்சுமி அக்கா. அவர் இன்னொன்றும் சொன்னார். முந்தின வெள்ளிக்கிழமை, தோட்டத்து வாசலில் இருக்கிற முனீஸ்வரர் கோவிலில், தமிழ் ஆட்கள் எல்லாரும் பார்க்கக் கிராணி ஐயா கற்பூரத்தை உள்ளங்கையில் ஏற்றி, 'அந்தக் கம்ப்யூட்டர் நிக்கிறதுக்கு நான் காரணம் இல்ல' என்று சொல்லி, கையை மூடி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாராம். "நாலு பேரு வாயை மூடணும்னா வேற என்னாம்மா செய்வாரு மனுசன்" என்றார் லெட்சுமி அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. கணினிக்குக் கற்பூரச் சத்தியம் செய்த ஆளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கடைக்குத் திரும்பி மிஸ்டர் யாப்பிடம் அதை ஒரு தமாஷாகவே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீ உட்கார்ந்தாயா என்று கேட்டார்.

மறுநாள் போய் உட்கார்ந்தேன். கிராணி ஐயாவின் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பது அவமானமாகத்தான் இருந்தது. மேனேஜர் இரண்டு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். கிராணி ஐயா சாப்பிட எழுந்து போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், யாருமே தொடாத அந்தக் கணினி என் கண் முன்னால் உறைந்தது. மூலையில் கடிகாரம் நின்றது. அதே நொடியில், மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் ஒரு மூச்சு தாழ்ந்து எழுந்தது. டியூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது.

தோட்டத்துக் கரண்டு என்றால் சிமிட்டத்தான் செய்யும், அதனால் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. மேனேஜரின் மடிக்கணினிக்கு உள்ளே பேட்டரி இருந்தது. மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தால் அதற்குத் தெரியாது. கிராணியின் கணினிக்குத் தாங்காது. என் கடையில் கரண்டு தாழவில்லை, அதனால் அங்கே ஓடியது. இத்தனை நாள் பெட்டிக்குள் தேடியது பெட்டிக்கு வெளியே இருந்திருக்கிறது.

மீட்டரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வைத்து, அலுவலகத்தில் இருந்த ஒவ்வொன்றையும் அணைத்துப் பார்த்தேன். தண்ணீர்ப் பம்பு, கெட்டில், ஜெராக்ஸ் எல்லாம் அணைத்தும் மீட்டர் முள் திடீரென்று விழுந்து எழுந்தது. அப்படியானால் இழுப்பது இந்தக் கட்டடத்துக்குள் இல்லை. பின்பக்கச் சாமான் அறைக்குப் போனேன். அங்கே ஒரு பிளக்கிலிருந்து கறுப்பு வயர் ஒன்று கிளம்பி, சுவர்த் துளை வழியே வெளியேறி, வாழைக்கூட்டத்துக்கு நடுவே ஒரு பழைய குழாய்க்குள் நுழைந்து போனது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

வயர் போய்ச் சேர்ந்த இடம் பழைய லயம். தொழிலாளர் குடியிருந்த நீண்ட வரிசை வீடுகள். முன்பு வந்த பெரிய வெள்ளத்தில் லயத்துக்கான மின்சாரப் பலகை முழுகிப்போனது. இடிக்கப்போகிற லயத்துக்கு எதற்கு என்று கம்பெனி அதைத் திருப்பிப் போடவில்லை. எல்லாரும் காலி செய்துவிட்டார்கள். கடைசி வீட்டில் மட்டும் ஆறுமுகம் என்ற பழைய டிராக்டர் டிரைவரும் அவர் மகளும் இருந்தார்கள். அரசாங்க மலிவு வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

மகள் ஷாமினி பள்ளிக்கூடச் சீருடையில் வெளியே வந்தாள். பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். வெயிலில் வேர்த்து நின்ற என்னைப் பார்த்து, தண்ணி குடிக்கிறீங்களா ஆன்ட்டி என்று கேட்டு, உள்ளே போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். இடுப்புயர ஐஸ்பெட்டி, ஓரமெல்லாம் துரு. உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தல், இரண்டு முட்டை, அரசாங்க மருத்துவமனைச் சீட்டு ஒட்டிய ஊசி மருந்துப் பெட்டி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இனிப்பு நீர். இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாள் ஓடாது, அது குளிரில் இல்லாவிட்டால் கெட்டுவிடும். நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பழைய மோட்டார் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. கதவை எப்போதெல்லாம் திறக்கிறார்களோ அதைப் பொறுத்து அது கிளம்பும். அதனால்தான் எந்த நேரக்கணக்கும் எனக்கு அகப்படவில்லை.

வயரை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டேன். "கிராணி மாமாதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாரு" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது கணினி உறைந்து நின்றிருந்தது. எனக்கு அவள் எடுத்துக் கொடுத்த அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் அதை நிறுத்தியிருந்தது.

அன்று நான் செய்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். அந்த வயரை நான் தொடவில்லை. மேனேஜர் அறைக்கென்று தனியாக ஒரு லைன் வந்திருந்தது. தோட்டத்து வயர்மேனைக் கூப்பிட்டு அதிலிருந்து கிராணியின் மேசைக்குப் புதிய பிளக் ஒன்று போடவைத்தேன். மேனேஜரிடம், பழைய லைன் பலவீனமாக இருக்கிறது, கரண்டு தாழ்கிறது, வேறு லைனுக்கு மாற்றிவிட்டேன், கிராணிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவர் சாப்பிடப் போயிருந்தபோதே நின்றதை நான் பார்த்தேன் என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மேனேஜர் உடனே எழுந்து போய்க் கிராணியின் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். லெட்சுமி அக்கா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐஸ்பெட்டி ஓடும், கணினி ஓடும், கிராணியின் வேலையும் வீடும் தப்பித்தன. அந்த இடத்தில் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கவேண்டும்.

நாற்காலியில் உட்காருகிற ஆளுக்குக் காரணம் தெரியவேண்டும் என்பது என் முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நாளைக்கு யாராவது மேசையை நகர்த்திக் கணினியைப் பழைய பிளக்கிலேயே செருகிவிட்டால்? அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டுபிடித்தவளுக்குச் சொல்லிக் காட்டுகிற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மேனேஜர் உள்ளே போனதும் கிராணி ஐயாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். குரலைத் தாழ்த்தி, உங்க வயர்தான் ஐயா, அந்த ஐஸ்பெட்டி மோட்டார் கிளம்பும்போதெல்லாம் இங்கே இழுத்திருக்கிறது, பயப்படாதீங்க, யாருக்கும் சொல்லவில்லை, இனிமேல் இரண்டும் தனித்தனி லைன் என்றேன். அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். என்னோடு சேர்ந்து ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்ட சந்தோஷத்தில் சிரிப்பார் என்று.

அவர் தன் வலது கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"நூத்துக்கு நூறு, ஐயா."

"அப்ப அது நின்னதுக்குக் காரணம் நான்தான்."

லெட்சுமி அக்கா சொன்ன கற்பூரம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தமாஷாகச் சொல்லிவிட்டு மறந்துபோன விஷயம். ஐயா, உங்களுக்குத் தெரியாதே, நீங்க ஒரு பிள்ளைக்கு மருந்து கெடக்கூடாதுன்னு செஞ்சது என்று என்னென்னவோ உளறினேன். அவர் தலையை ஆட்டினார். "நீங்க நல்லபடியாச் செஞ்சிங்கம்மா, ரொம்ப நன்றி" என்றார். என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். கார் கண்ணாடியில் பார்த்தேன். அவர் கோவில் இருக்கும் பக்கம் திரும்பாமல் நடந்து போனார்.

அடுத்த மாதம் வழக்கமான பராமரிப்புக்கு மிஸ்டர் யாப்போடு போனபோது கிராணியின் நாற்காலியில் வேறு யாரோ ஒரு பெண் இருந்தாள். மேனேஜர் எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். நான் கிளம்பிய மறுநாள் காலையிலேயே கிராணி அவரிடம் போய், கணினி நின்றதற்குக் காரணம் நான்தான் என்று வயர் விஷயத்தைத் தானாகவே சொல்லியிருக்கிறார். சொன்னவர், அந்த வயரைத் தன் கையாலேயே கழற்றிச் சுருட்டி மேசைமேல் வைத்தாராம். மேனேஜர் ஊசி மருந்தை அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், வேலையைவிட்டுப் போகவேண்டாம் என்று எவ்வளவோ கேட்டிருக்கிறார். கிராணி கேட்கவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மாசாய்ப் பக்கம் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தன்னால்தான் ஒரு மனிதர் போனார் என்ற வெட்கத்தில் ஆறுமுகமும் பெண்ணை அழைத்துக்கொண்டு, வீடு கிடைக்கும் முன்பே, கோத்தா திங்கியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். லயத்தை இடித்துவிட்டார்கள்.

என்சிக் ஹாபிஸ் என்னிடம் ஒன்று கேட்டார். இருக்கச் சொன்னபோதெல்லாம் கிராணி சத்தியம் செய்துவிட்டேன், சத்தியம் செய்துவிட்டேன் என்றே சொன்னாராம். அது என்ன சத்தியம்? நான் கற்பூரத்தைப் பற்றி மலாயில் சொன்னேன். கையில் ஏற்றுவதை, வார்த்தையைச் சொல்வதை, மூடி அணைப்பதை. அவர் மடிக்கணினியை மூடி வைத்தார். பிறகு, எங்களில் ஒருவர் உண்மை என்று நம்பிச் செய்த சத்தியம் தப்பாகிப்போனால் இறைவன் அதற்காகப் பிடிக்கமாட்டான் என்பார்கள், உங்களில் அப்படி இல்லையா என்று கேட்டார். இருக்கும், இருக்கவேண்டும் என்று நினைத்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் மிஸ்டர் யாப் கார் ஓட்டினார். நான் உங்கள் பிடிவாதப்படிதான் செய்தேன் என்று சொல்லவேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது. அவருக்கே அது தெரிந்திருக்கும். ரெங்கம் தாண்டியதும், "மெசின் சுடா பாயிக். ஓராங் மச்சாம் மானா?" என்றார். கணினி சரியாகிவிட்டது, ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதுபோல் இல்லை. அதற்குப்பின் அவர் அந்த மூன்றாவது பிடிவாதத்தை யாருக்கும் சொல்லிக் கொடுத்து நான் கேட்கவில்லை. அவர் காலமாகி இப்போது சில வருடம் ஆகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என்னை நானே குறை சொல்லவும் முழுதாக வரவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் கிராணி ஐயா நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் தெரியாத நிம்மதியை ஒருவருக்கு வைத்துக் கொடுக்க நான் யார்? இப்படி இரண்டு பக்கமும் பேசிப் பேசியே வருடங்கள் போய்விட்டன. வருத்தம் மட்டும் போகவில்லை.

சில வருடம் கழித்து ஒரு தடவை கிராணி ஐயாவைப் பார்த்தேன். குளுவாங் மார்க்கெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாண வீட்டுக்கு வந்தவர், மீன் கடைப் பக்கம் நின்றிருந்தார். அதே வெளுத்த சட்டை. ஆனால் எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. பட்டையும் இல்லை, பொட்டும் இல்லை. அவர்தான் என்னைக் கண்டு, "என்னம்மா, நல்லாருக்கீங்களா?" என்றார். ஷாமினியைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறாளாம், மலிவு வீடு கிடைத்துவிட்டதாம், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர் இப்ப நிக்குதாம்மா?"

"இல்லங்க ஐயா. அதுக்கப்புறம் நிக்கவே இல்ல."

"அப்பச் சரி."

அவர் கிளம்பிவிடுவார் என்ற பயத்தில், இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்ததை மீன் கடை ஈரத்தில் நின்றுகொண்டே கொட்டிவிட்டேன். ஐயா, நீங்க செஞ்சது பொய்ச் சத்தியம் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னீங்க. தெரியாததுக்கு யாரு பொறுப்பாக முடியும் என்றேன். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சீன அம்மா கத்தியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. என் தலையில் லேசாகக் கை வைத்தார். கற்பூரம் அணைத்த அதே கை.

"நீங்க சொல்றது நியாயந்தாம்மா. ஆனா அன்னைக்குச் சாமிகிட்ட நான் 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்'னு சொல்லலியே."

பிரியா, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.